இருபத்து மூன்று வளையங்கள்

அன்று சாயங்காலம் கூண்டுக்குள் கோழிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. எல்ஸியின் கை கம்பின் கடைசியில் அப்படியே நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.

ஒன்று குறைந்திருக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு, பிள்ளைத் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு வேலியோரமாக நடந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டத்தின் முதல் நிரையில், மூன்றாவது பால்மரத்தடியில் ஒரு கைப்பிடி இறகு கிடப்பதைப் பார்த்தாள். செம்பழுப்பு இறகு. ரத்தம் இல்லை, எலும்பு இல்லை. இறகுகளின் நடுவே ஒரு சிவப்பு வளையம். அவள் தன் கோழிகள் ஒவ்வொன்றின் காலிலும் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கேபிள் டை அது. ஒருமுறை இழுத்து மாட்டிவிட்டால் வெட்டினால் ஒழியக் கழலாது. இதை யாரும் வெட்டவில்லை. மாட்டியது மாட்டியபடி, முழு வட்டமாகக் கிடந்தது. சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். விரித்த பாதத்தோடு ஒரு கோழியின் கால் அதன் வழியே வெளியே வர வழியே இல்லை.

நாய்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். வளையத்தைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு வந்து, சமையலறை ஜன்னலில் இருந்த காலி மைலோ டின்னுக்குள் போட்டாள்.

இருபத்து மூன்றில் ஒன்று போனால் இருபத்திரண்டு. ஆனால் இப்போது கூண்டுக்குள் அவள் கை இருபத்து மூன்று என்கிறது.

அவள் எண்ணும் முறையில் தப்பு வர இடமில்லை. கோழிகள் பகல் முழுக்க அவிழ்த்துவிட்டபடி மேயும். ரம்புத்தான் மரத்தடி, வாழைப்பாத்தி, சாக்கடை ஓரம் என்று போகாத இடம் கிடையாது. ஏழே காலுக்கு வெளிச்சம் மங்கும்போது உடைத்த சோளத்தை ஒரு டின்னில் போட்டுக் குலுக்குவாள். சின்னக் கதவு வழியே ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கம்பில் ஏறி உட்காரும். முணுமுணுப்பு அடங்கியதும் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு, கம்பு நெடுக ஒவ்வொரு கோழியின் காலாகத் தொட்டு எண்ணுவாள். விளக்கு கிடையாது. டார்ச் அடித்தால் எல்லாம் பதறிக் குதித்து ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். மூன்று கம்பு. எட்டு, எட்டு, ஏழு. இருபத்தாறு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டிக்கு நூறு என்று கண்ணால் பாராமல் விரல் நுனியாலேயே எண்ணி அடைத்தவள் அவள். அவள் அடைத்த பெட்டியில் தொண்ணூற்றொன்பது இருந்தது என்று ஒருநாளும் பெட்டி திரும்பி வந்ததில்லை.

மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். எட்டு. எட்டு. ஏழு.

“என்னங்க, ஒரு கோழி செத்துப்போச்சு, வளையம் மட்டும் கெடந்துச்சு. ஆனா எண்ணிக்கை குறையல” என்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

யேசுதாசன் கருவாட்டை முள் பார்த்துக்கொண்டே சிரித்தார். லாரி ஓட்டி ஓட்டி ஒரு காது மந்தமானவர். வீட்டில் பேசுவதும் நெடுஞ்சாலையில் பேசுவது மாதிரிதான் இருக்கும். “அப்போ ஒரு கோழி ரெண்டு வளையம் போட்டிருந்துச்சா? நம்ம வீட்டுக் கோழிங்க நகைக்கடை வச்சிருக்குதுங்க லா!”

“ப்பா, மெதுவா. இப்பத்தான் தூங்குது” என்று அறைக்குள்ளிருந்து மெலிண்டாவின் குரல் வந்தது.

எல்ஸி பேச்சை விட்டுவிட்டாள். மெலிண்டா பிள்ளை பெற்று வந்து பன்னிரண்டு நாள். கல்யாணமாகி ஏழு வருஷம், இரண்டு கர்ப்பம் கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. மருமகன் திமோத்தி குனோங் ராபாட்டிலுள்ள தங்கள் வீட்டில் இருந்தபடி வேலைக்குப் போய்க்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்த்துப் போவான். பத்தியம் முடியும்வரை மகளும் பேரனும் எல்ஸியின் பொறுப்பு. இந்தக் கோழிகளே அதற்காகத்தான். கடைக் கோழியின் ஊசி மருந்து தாய்ப்பாலில் இறங்கும் என்று, மெலிண்டாவுக்கு மூன்றாம் மாதம் ஆனபோதே புந்தோங்கிலிருந்து குஞ்சுகள் வாங்கிவந்து வளர்த்தாள். வாரத்துக்கு ஒன்று, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுச் சூப்பு.

பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிய வெள்ளைப் பட்டை இன்னும் இடது காலில் இருந்தது. மெலிண்டாவின் பிள்ளை என்று அதில் எழுதியிருக்கும். கால் சதைபோட்டு, பட்டைக்குள் அவள் சுண்டுவிரல் நுனிகூட நுழைவது கஷ்டமாகிவிட்டது. வெட்டிவிடலாம் என்று எல்ஸி இரண்டு தடவை கத்திரியை எடுத்தாள். “நாப்பதாம் நாள் தலைக்குத் தண்ணி ஊத்துறப்போ நானே வெட்டி ஆல்பத்துல ஒட்டுவேன்மா. அதுவரைக்கும் இருக்கட்டும்” என்று மெலிண்டா தடுத்துவிட்டாள்.

ராத்திரி மூன்று மணிக்குப் பிள்ளை அழ ஆரம்பித்தது. அது தினமும் அழும் நேரம். ஸ்பிரிங் தொட்டில் கிரீச் கிரீச்சென்று ஆடியது. அந்த அழுகைக்கு நடுவே, வெளியே கூண்டில் ஒரு கோழி தூக்கத்தில் முனகுவது கேட்டது. அரை நொடி கழித்து, அதே முனகல், அதே இழுப்போடு, இன்னொரு முறை.

*

புதன்கிழமை மஞ்சள் வளையம். அதே மூன்றாவது மரத்தடி. அதே முழு வட்டம்.

பல வருஷமாகப் பால் வெட்டாத மரங்கள் அவை. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வாங்கியவர்கள் வீடு கட்டப்போவதாகச் சொன்னார்கள், கட்டவில்லை. மரங்களில் இன்னும் கோப்பைகள் கம்பியில் தொங்கின, பாலுக்குப் பதில் மழைத்தண்ணியும் கொசுப்புழுவுமாக. வெயில் ஏறினால் ரப்பர்க் காய்கள் வெடிக்கும் டப், டப் சத்தம். அன்று அந்தச் சத்தம்கூட இல்லை.

நாய்கள் மட்டும் இருந்தன. ஐந்து நாய்கள். காது கிழிந்த ஒரு செவலைப் பெட்டைதான் தலைமை. ஒரு வாரமாகவே பொழுது சாயும் நேரத்துக்கு நிரைகளுக்கு நடுவிலிருந்து நடந்து வந்து, வேலிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்துகொள்கின்றன. குரைப்பதில்லை, மண்ணைப் பறிப்பதில்லை, வாலைக்கூட ஆட்டுவதில்லை. கூண்டையே பார்த்தபடி ஐந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். எல்ஸி கல்லெடுத்து வீசினாள். பெட்டையின் தோளில் பட்டது. அது ஒரு தடவை முகத்தைச் சுளித்தது. பார்வையை எடுக்கவில்லை.

பக்கத்து நிலத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் மகேந்திரன், எண்ணெய்க் கையோடு வேலியருகே வந்தான்.

“அக்கா, இதுங்கள நம்பாதீங்க. போன மாசம் என் வாத்து நாலு போச்சு. மூசாங் பூனைனா கழுத்தக் கடிச்சு ரத்தம் குடிச்சிட்டுப் போட்டுட்டுப் போகும், பாம்புனா முழுங்கிட்டு அங்கேயே படுத்துக்கும். ஒண்ணுமே மிச்சம் இல்லாம போவுதுன்னா நாய்தான்.”

“வளையம் வெட்டாம கெடக்குதே, மகேந்திரா?”

“நாய்க்கு வளையம் எதுக்குக்கா, துப்பிட்டுப் போயிருக்கும்.” சிரித்தான். “கவுன்சிலுக்குப் போன் போடுறேன். நாளைக்கே நாய் புடிக்கிற ஆளு வருவானுங்க.”

எல்ஸி செய்யவேண்டியதை வரிசையாகச் செய்தாள். வேலிக்கம்பியின் அடியை ஓரடி ஆழத்துக்குப் புதைத்தாள். சின்னக் கதவுக்கு இரண்டாவது கொக்கி போட்டாள். கூண்டின் தரையைக் கூட்டி, கரம்பையையும் எருவையும் அள்ளி, மூலை மூலையாகக் கைவிட்டுப் பார்த்தாள். எலி நுழையும் ஓட்டைகூட இல்லை. ஏழே காலுக்குக் கதவருகே குந்தி உட்கார்ந்து, உள்ளே போகும் கோழிகளை வாய்விட்டு எண்ணினாள். “...பத்தொம்பது. இருபது. இருபத்தொண்ணு.” கொக்கி இரண்டையும் மாட்டினாள். சரி. இரண்டு வளையம் டின்னில், இருபத்தொன்று கூண்டில். கணக்கு நேராகிவிட்டது என்று ஒரு நிம்மதி.

கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கதவை விட்டு அகலவில்லை. பிறகு பக்கவாட்டுக் கதவைத் திறந்து கையை விட்டாள்.

எட்டு. எட்டு. ஏழு.

இன்னொரு முறை எண்ணினாள்; இந்தத் தடவை காலை மட்டும் தொட்டுவிட்டு விரல் நகர்ந்துவிடவில்லை. ஒவ்வொரு காலிலும் வளையம் இருக்கிறதா என்று தடவிப்போனது. வளையம். வளையம். சொரசொரப்பான செதில், சூடான தோல், வளையம். இரண்டாவது கம்பில் ஐந்தாவது கால். வளையம் இல்லை. செதிலும் இல்லை. வழுவழுப்பாக, லேசான ஈரத்தோடு, அச்சிலிருந்து அப்போதுதான் உரித்தெடுத்த கையுறை மாதிரி இருந்தது. அவள் விரல் நின்ற இடத்தில் அந்தத் தோலுக்கு அடியில் எதுவோ மெல்ல நகர்ந்து, அவள் விரலுக்கு இடம் கொடுத்தது.

கையை இழுத்துக்கொண்டாள். டார்ச்சை அடித்தாள்.

படபடவென்று இறக்கைகள், தூசி, கொக்கரிப்பு, கண் கண்ணாக மின்னல். ஒரே இறகுக் குவியல். எது கோழி, எது என்னவென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கதவை அறைந்து சாத்தினாள். வேலிக்கு வெளியே ஐந்து நாய்களும் எழுந்து நின்றிருந்தன.

காலையில் கதவைத் திறந்தபோது இருபத்தொரு கோழி வெளியே வந்தது. குனிந்து உள்ளே பார்த்தாள். கூண்டு காலி. மூன்று கம்பு, எச்சம், இரண்டு மூன்று உதிர்ந்த இறகு. வேறு ஒன்றுமில்லை.

*

வியாழக்கிழமை கவுன்சில் ஆட்கள் வந்தார்கள். சுருக்குக் கம்பியில் நான்கு நாய்கள் மாட்டின. ஒன்றுகூட ஓட முயலவில்லை; கழுத்தில் கம்பி விழும்வரை கூண்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தன. காது கிழிந்த பெட்டை மட்டும் கடைசி நேரத்தில் நழுவி மரங்களுக்குள் போய்விட்டது. போகும்போது ஒருமுறை நின்று எல்ஸியைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும்.

“இனிமே நிம்மதியாத் தூங்குங்கக்கா” என்றான் மகேந்திரன்.

வெள்ளிக்கிழமை காலை பால்மரத்தடியில் நான்கு வளையம். சிவப்பு இரண்டு, மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. யாரோ கையால் வைத்தது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. டின்னில் இப்போது ஆறு.

மிச்சம் பதினேழு கோழியும் அன்றைக்குச் சோளத்துக்கு வரவில்லை. டின்னைக் குலுக்கக் குலுக்க, ரம்புத்தான் மரத்தில் ஏறி, எட்டாத கிளையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தன. எல்ஸி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மரத்தில் இருந்தால் மூசாங் பிடிக்கும். கூண்டுதான் பத்திரம். அறுபத்தோரு வயதில் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இறக்கி, கத்தக் கத்தக் கூண்டுக்குள் தள்ளினாள். அவள் கையெல்லாம் கீறல். கடைசிக் கோழி வாசலில் இரண்டு காலையும் விரித்து ஊன்றிக்கொண்டது. விரல் விரலாகப் பிரித்துத்தான் அதை உள்ளே விட வேண்டியிருந்தது.

அப்போதும் அவள் கை கம்பில் எண்ணியது. எட்டு. எட்டு. ஏழு.

வளையம் இல்லாத கால் ஆறு. ஆறும் நடுக் கம்பில். பக்கத்தில் பக்கத்தில்.

“கர்த்தரே” என்று மட்டும் சொல்ல வந்தது. சொன்னாள். கூண்டுக்குள்ளிருந்து மிக மெல்லிய ஒரு முனகல் வந்தது. அவள் குரல் ஏறி இறங்கிய அதே ஏற்ற இறக்கத்தில்.

*

சனிக்கிழமை சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எல்ஸி பிள்ளைக்கு மேல் துடைத்துவிட்டு, தைலம் பூசி, பட்டையைத் திருப்பி அதன் அடியில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் கட்டைவிரலைப் பிடித்துச் சப்பப் பார்த்தது. அதன் பாதத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய சின்னச் சின்னக் கோடுகளை அவள் விரல் தானாகத் தடவியது. வெளியே யேசுதாசனின் காலடிச் சத்தம் சமையலறைக்குள் வந்து நின்றது.

“பத்தியக் கோழி பிடிச்சாச்சு, மகாராணி!” என்று கத்தினார்.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. பிள்ளைபெற்றவளுக்கு அறுக்கும் கோழியை முதல் நாள் சாயங்காலமே கம்பிலிருந்து எடுத்து, காலைக் கட்டி, வீட்டுக்குள் கூடைபோட்டு மூடி, தண்ணீர் மட்டும் வைப்பார்கள். குடல் காலியாகும், சூப்பு நாறாது. காலையில் ஜெபம் முடிந்ததும் அறுப்பு. போன சனிக்கிழமை இதை அவள்தான் செய்தாள். இந்தச் சனிக்கிழமையை மறந்துவிட்டிருந்தாள்.

பிள்ளையை மெலிண்டாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மூங்கில் கூடை கவிழ்ந்திருந்தது. அதன்மேல் அம்மிக்குழவி.

“எந்தக் கோழிங்க?”

“எந்தக் கோழின்னா? கையில வந்தது. நடுக் கம்புல இருந்துச்சு. நல்ல கோழி, ஒரு சத்தம் போடல, றெக்கை அடிக்கல, என்னத் தூக்குன்னு வந்துச்சு. ஆனா கனமே இல்ல எல்ஸி, பஞ்சு மாதிரி இருக்கு. நீ தீனி போடுறியா இல்லயா?”

“கால்ல வளையம் இருந்துச்சா?”

“இருட்டுல எவன் பார்த்தான்? ராஃபியா கயித்துல கட்டும்போது எதுவும் தட்டுப்படல.”

கூடையின் இடுக்கு வழியே குனிந்து பார்த்தாள். பழுப்பு இறகு. தலையை இறக்கைக்குள் செருகி வைத்திருந்தது. மூச்சுக்கு ஏறி இறங்கும் முதுகு தெரிந்தது. அவள் மூச்சை அடக்கினாள். முதுகு நின்றது. மூச்சை விட்டாள். முதுகு ஏறியது.

குழவியை எடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கி, அதைக் கொண்டுபோய் வேலிக்கு வெளியே வீசியிருக்க வேண்டும். அவளுக்கே அது தெரிந்தது. ஆனால் தூக்கினால் அது தலையை வெளியே எடுக்கும். அந்தத் தலையைப் பார்க்க அவளால் ஆகாது. அவ்வளவுதான். விடியட்டும், வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்திலிருந்த பத்து கிலோ அரிசிப் பையையும் தூக்கி, குழவியோடு சேர்த்துக் கூடைமேல் வைத்தாள். சமையலறைக் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டாள்.

மழைக்கு முன் ஒருமுறை கூண்டுக்குப் போய் எண்ணினாள். ஒன்றை எடுத்தாயிற்று, இருபத்திரண்டு இருக்க வேண்டும்.

எட்டு. எட்டு. ஏழு.

மழை பெய்தது. தகரக் கூரையில் மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் நிமிர்ந்து படுத்து, ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடாமல் கிடந்தாள். பக்கத்தில் யேசுதாசனின் குறட்டை. பன்னிரண்டு. ஒன்று. இரண்டு மணிக்கு மழை விட்டது. கூரையிலிருந்து சொட்டு சொட்டாக. பூண்டு வாசம். தைல வாசம். அதற்கு அடியில், இந்த வீட்டில் இருக்கக்கூடாத ஒரு வாசம். புளித்த ரப்பர்ப்பால்.

மூன்று மணிக்குப் பிள்ளை அழ ஆரம்பித்தது.

நன்றாக வீறிட்டது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மூன்றாவது அழுகை பாதியில் நின்றது. குழாயைத் திருகி மூடியது மாதிரி.

எல்ஸி எழுந்து உட்கார்ந்தாள்.

தொட்டில் ஆடும் சத்தம். கிரீச். கிரீச். சீராக.

மெலிண்டா எழுந்து ஆட்டுகிறாள். பால் கொடுத்திருப்பாள். அதுதான். வேறென்ன. சங்கிலி போட்டிருக்கிறது. அரிசிப் பை இருக்கிறது. கிரீச். கிரீச். பிறகு பிள்ளை மெல்ல ஒருமுறை அழுதது. அதே இரண்டு மூச்சு. அதே பாதி அழுகை. அத்தோடு அடங்கிவிட்டது.

அந்தச் சீரான சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அவளையும் அறியாமல், எல்ஸி தூங்கிப்போனாள்.

*

சமையலறைச் சங்கிலி போட்டபடி இருந்தது. அரிசிப் பையும் குழவியும் வைத்த இடத்தில் இருந்தன. யேசுதாசன் கூடையைத் தூக்கினார். தரையில் ராஃபியா கயிறு கிடந்தது, முடிச்சு அவிழாமல், இரண்டு கண்ணியும் முழு வட்டமாக.

“அட, மூசாங் பய கூரை வழியா வந்து தூக்கிட்டுப் போய்ட்டான் பாரேன்!” என்றார். கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு கயிற்றைக் குப்பையில் போட்டார்.

எல்ஸி மகளின் அறைக்கு ஓடினாள். மெலிண்டா தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரத்தில் அவள் முகம் இவ்வளவு தெளிந்து எல்ஸி பார்க்கவில்லை.

“ம்மா, ராத்திரி முழுக்க ஒரே தூக்கம்மா! நான் எழுந்திருக்கவே இல்ல. எப்ப பால் கேட்டுச்சுன்னுகூடத் தெரியல.”

“நீ... மூணு மணிக்குத் தொட்டில ஆட்டல?”

“நானா? நீங்கதானே வந்து ஆட்டுனீங்க?”

தொட்டில் துணிக்குள் பிள்ளை தூங்கியது. சுற்றிய துணியில் முகம் மட்டும் தெரிந்தது. பேரனின் மூக்கு, பேரனின் நெற்றி. மூச்சுக்கு ஏறி இறங்கும் மார்பு. எல்ஸி மூச்சை அடக்கிப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், காது கிழிந்த பெட்டை நனைந்து உட்கார்ந்திருந்தது. அது கூண்டைப் பார்க்கவில்லை. இந்த ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது.

கூண்டின் சின்னக் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தாள். ஒரு கோழிகூட வெளியே வரவில்லை. மண்டிபோட்டு, தலையையும் தோளையும் உள்ளே நுழைத்தாள். காலை வெளிச்சம் கம்பி வலை வழியே கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. கம்புகள் காலி. தரையில் வளையங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. ஒன்றும் வெட்டுப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடது உள்ளங்கையில் போட்டாள். கை தானாக எண்ணியது. பதினைந்து. பதினாறு. பதினேழு. டின்னில் ஆறு. இருபத்து மூன்று.

மூலையில் இன்னொன்று இருந்தது.

வெள்ளை.

எடுத்தாள். ஈரம். சின்னது. மற்ற எல்லாவற்றையும்விட அகலமான பட்டை. கொக்கி மாட்டியபடி. அடியில் பவுடர் ஒட்டிக்கொண்டு. ஈரத்தில் மை கொஞ்சம் கரைந்திருந்தது. மெலிண்டா என்பது மட்டும் தெரிந்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். நுனிகூட நுழையவில்லை.

“ம்மா!” என்று வீட்டுக்குள்ளிருந்து மகள் கூப்பிட்டாள். “தண்ணி சுட்டுருச்சு, வாங்கம்மா! பத்து மணிக்கு அவரு வந்துருவாரு, அதுக்குள்ள பிள்ளைய குளிப்பாட்டிடலாம்!”

நடந்தாளா, எப்படி நடந்தாள் என்று தெரியவில்லை. குளியலறையில் எப்போதும் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தாள். எப்போதும்போல் இரண்டு காலையும் நீட்டினாள். இடது கை மூடியே இருந்தது. மெலிண்டா துணியை அவிழ்த்து, பிள்ளையை அவள் முழங்கால்மேல் கிடத்தினாள். கனமே இல்லை.

“கால் டேக் எங்கயோ கழண்டு விழுந்துருச்சும்மா. துவைக்கிறப்போ துணியில இருக்கான்னு பாருங்க.” மெலிண்டா குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். “யாரு இது? யாரு இது? அம்மாச்சி பாரு!”

பிள்ளை வாயைத் திறந்தது. அரை நொடி கழித்து, “யாரு இது” என்பதன் ஏற்ற இறக்கத்தில் ஒரு முனகல்.

“பேசுதும்மா! பாருங்களேன், பதில் பேசுது!”

எல்ஸியின் வலது கை போனது. எத்தனையோ வருஷம் பழகிய கை. இடது காலைத் தேடித் தொட்டது. வழுவழுப்பு. லேசான ஈரம். பாதத்தில் ஒரு கோடும் இல்லை.

கண் விழித்து அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு, ராத்திரிக் கம்பைக் கோழி பிடிப்பதுபோல், அந்தச் சின்னப் பாதம் மெல்ல மடிந்து, முன்னால் மூன்றும் பின்னால் ஒன்றுமாக, அவள் விரலைச் சுற்றி இறுகிக்கொண்டது.